பூனைகள் இல்லாத தேசம் எங்கே?

பள்ளி விடுமுறை நாட்களில் பிள்ளைகளைத் தொலைக்காட்சியின் முன்னால் அமர்த்திவிட்டு எமது அலுவல்களைப் பார்க்கப் போய்விடுவது எம்மில் பலரது வழக்கம். சித்திரப்படம்தானே, பெரியவர்கள் பார்ப்பதற்கு அதில் என்ன இருக்கப் போகிறது என்றே நாமும் எண்ணியிருந்தோம். ஆனால் அண்மையில் ஒரு மாலைப்பொழுதில், அடுக்களைக்கும் கூடத்துக்கும் இடையில் நடமாடிக்கொண்டிருந்த நாம், கைவேலையை மறந்து, பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் நின்றபடியே ஒரு சித்திரப்படத்தை இறுதிவரை பார்த்து முடித்தோம். ஒரு சுண்டெலிக் குடும்பத்தின் வீடு எரிகிறது. அக்குடும்பம் ஊரைவிட்டு ஓடுகிறது, கப்பலேறுகிறது, நடுக்கடலில் தன் ஆண்பிள்ளையைப் பறிகொடுக்கிறது, அந்தத் துயரத்தைச் சுமந்துகொண்டு புதிய நாடொன்றின் வாசலில் வரிசையில் நின்று பெயர் பதிகிறது. இதனை வெறும் எலிக்கதை என்று ஒதுக்கிவிட எம்மால் முடியவில்லை.

படம் முடிந்ததும் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி திரும்பிப் பார்த்து எம்மிடம் கேட்டாள்: “அந்த அப்பா ஏன் அங்க பூனை இல்லையெண்டு பொய் சொன்னவர்?”

உடனே விடை சொல்ல எமக்கு வாய் வரவில்லை. ஆகவே அப்படத்தின் நிறைகளையும் குறைகளையும் இங்கே எடைபோட்டுப் பார்க்கும்போது, அவளது கேள்வியையும் கூடவே எடுத்துக்கொள்கிறோம்.

கதையும் காலமும்

‘அன் அமெரிக்கன் டெயில்’ என்னும் அப்படம் 1986 நவம்பரில் அமெரிக்காவில் வெளியானது. ஆங்கிலத்தில் வால் என்பதற்கும் கதை என்பதற்கும் உரிய சொற்கள் ஒரே ஒலியுடையவை. ஆதலால் தலைப்பே ஒரு சிலேடை. இயக்கியவர் டொன் புளூத். டிஸ்னி நிறுவனத்தில் பணியாற்றி, அங்கு பழைய கைத்திறன் தேய்ந்து வருகிறது என்ற மனக்குறையுடன் 1979இல் சக ஓவியர்கள் சிலரோடு வெளியேறித் தனி நிறுவனம் தொடங்கியவர் அவர். நிறைவேற்றுத் தயாரிப்பாளர்களுள் ஒருவர் ஸ்டீவன் ஸ்பீல்பேர்க். முழுநீளச் சித்திரப்படம் ஒன்றில் அவர் ஈடுபட்டது இதுவே முதற்தடவை. கதாநாயகனான சுண்டெலிச் சிறுவனுக்கு இடப்பட்ட ‘பைவல்’ என்ற பெயர், ஸ்பீல்பேர்க்கின் தாய்வழிப் பாட்டனார் யிட்டிஷ் மொழியில் அழைக்கப்பட்ட பெயராகும்.

கதை 1885இல், அன்றைய ரஷ்யப் பேரரசின் ஷொஸ்ட்கா என்ற ஊரில் தொடங்குகிறது. இன்று அவ்வூர் உக்ரைனில் உள்ளது. மனிதர் குடும்பமொன்றின் வீட்டுத் தரைக்கு அடியில் மௌஸ்கவிட்ஸ் என்னும் எலிக் குடும்பம் ஹனுக்கா விழாவைக் கொண்டாடுகிறது. தந்தை வயலின் வாசிக்கிறார். பரம்பரையாகக் கைமாறி வந்த தொப்பியை மகன் பைவலுக்குப் பரிசளிக்கிறார். தொப்பி அவன் தலையை விடப் பெரியது. அவ்வேளையில் வெளியே குதிரைக் குளம்பொலி கேட்கிறது. கொசாக் படையினர் ஊரைக் கொளுத்துகின்றனர். அவர்களுடைய பூனைகள் எலிகளை வேட்டையாடுகின்றன. மேலே மனிதருக்கு நேர்வது கீழே எலிகளுக்கும் நேர்கிறது.

இதற்குப் பின்னால் வரலாறு உண்டு. 1881 மார்ச்சில் ரஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் அலெக்சாண்டர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, அப்பேரரசின் தென்மேற்குப் பகுதிகளில் யூதர் குடியிருப்புகள் மீது அலையலையாகத் தாக்குதல்கள் நிகழ்ந்தன. 1882 மே மாதத்தில் பிறப்பிக்கப்பட்ட சட்டங்கள் யூதர்கள் எங்கே குடியிருக்கலாம், எங்கே நிலம் வாங்கலாம் என்பதை மேலும் சுருக்கின. அதன்பின் முதலாம் உலகப்போர் வரையான மூன்று தசாப்தங்களில், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து இருபது இலட்சம் வரையான யூதர்கள் அமெரிக்காவுக்குப் பெயர்ந்தனர். பைவலின் குடும்பம் அந்தப் பெருங்கூட்டத்தில் ஒரு துளி.

கடலும் தீயும்

படத்தின் முதல் நிறை அதன் ஓவியம். கணினியின் துணையின்றி ஒவ்வொரு அசைவும் கையால் வரையப்பட்டு, வண்ணந்தீட்டப்பட்ட காலத்துப் படைப்பு இது. ஊர் எரியும் காட்சியில் கொசாக்குகளின் முகங்களை நாம் தெளிவாகக் காண்பதில்லை. குளம்புகள், நிழல்கள், தீயின் செந்நிறம் ஆகியவையே திரையை நிறைக்கின்றன. தரையோடு தரையாக நிற்கும் ஒரு குழந்தையின் கண்ணுக்கு வன்செயல் எவ்வாறு தென்படுமோ அவ்வாறே அது காட்டப்பட்டுள்ளது. இன்னார் அடித்தார் என்று குழந்தைக்கு நினைவிருப்பதில்லை. சத்தமும் வெளிச்சமும் வெந்த மணமுமே நினைவில் நிற்கும். எம்மில் எத்தனையோ பேருக்கு இது சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ஜேர்மனியின் ஹம்பேர்க் துறைமுகத்திலிருந்து அக்குடும்பம் கப்பலேறுகிறது. நடுக்கடலில் புயல் எழும்போது, அலை வெறும் நீராக இல்லாமல் ஓர் அரக்கனின் உருவெடுத்துக் கப்பலின் மேல் கையோங்குகிறது. மீன்களைப் பார்க்கும் ஆவலில் மேல்தளத்துக்கு ஏறிய பைவலை அந்த அலை வாரிக்கொண்டு போகிறது. தந்தையின் கை எட்டுவதற்கிடையில் எல்லாம் முடிந்துவிடுகிறது. சில விநாடிகளே நீடிக்கும் காட்சி. ஆயினும் படத்தின் எஞ்சிய பகுதி முழுவதும் அந்தக் கைநீட்டலின் நிழலிலேயே நகர்கிறது.

இப்படம் திரைக்கு வருவதற்கு மூன்று மாதங்கள் முன்னர், 1986 ஓகஸ்டில், கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 ஈழத்தமிழர்களை அந்நாட்டு மீனவர்கள் மீட்டனர். அவர்களும் அன்றைய மேற்கு ஜேர்மனியின் கரையிலிருந்தே கப்பலேறியவர்கள். அட்லாந்திக்கின் நடுவில் படகிலே இறக்கிவிடப்பட்ட அவர்களைப் பற்றிப் படத்தை ஆக்கியோர் அறிந்திருக்க நியாயமில்லை. ஆயினும் ஒரே ஆண்டில், ஒரே கடலில், நூறாண்டு பழைய கதை திரையிலும் புதிய கதை நீரிலும் நிகழ்ந்தன என்பதை எண்ணும்போது, சித்திர அலை எமக்குச் சித்திரமாக மட்டும் தெரியவில்லை.

எலியின் முகமூடி அணிந்த பூனை

இரண்டாவது நிறை, படம் சொல்லும் கசப்பான உண்மை. கப்பலின் அடித்தளத்தில் பல நாட்டு எலிகள் ஒன்றுகூடிப் பாடுகின்றன. ரஷ்ய எலிக்குக் கொசாக் பூனை. சிசிலியிலிருந்து வந்த எலிக்கு அவ்வூர்ப் பெரும்புள்ளியான பூனை. அயர்லாந்து எலிக்குத் தன் காதலியைப் பறித்த பூனை. ஒவ்வொருவருக்கும் அவரவர் பூனை உண்டு. அமெரிக்காவிலோ பூனைகளே இல்லை. வீதியெங்கும் பாலாடைக்கட்டி பரப்பியிருக்கும் என்ற நம்பிக்கையில் அனைவரும் ஒரே குரலாகின்றனர். பாட்டு உற்சாகமானது. கேட்கும் பிள்ளைகள் கைதட்டுகின்றனர். பெரியவர்களுக்கோ நெஞ்சு கனக்கிறது. இறங்கிய சில நாட்களிலேயே பூனைகள் சந்தைக்குள் பாய்கின்றன.

அதனினும் கூர்மையானது வொறன் என்னும் பாத்திரம். போத்தலொன்றுக்குள் மிதந்து நியூயோர்க் கரை சேரும் பைவலை, உன் பெற்றோரிடம் கொண்டுபோய் விடுகிறேன் என்று இனிமையாகப் பேசி அழைத்துச் செல்லும் எலி அவன். கொண்டுபோய் விடுவதோ ஒரு தையற்கூடத்தில், கூலியில்லா வேலைக்கு. பூனைகளிடமிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி ஏழை எலிகளிடம் காசு கறப்பவனும் அவனே. பிற்பாடுதான் தெரிகிறது, அவன் எலியே அல்லன். பொய் மூக்கும் பொய்க் காதும் பொருத்திக்கொண்ட பூனை. பூனைக் கூட்டத்தின் தலைவன்.

புதிதாக வந்தவனைச் சுரண்டுபவன் பெரும்பாலும் அந்நியனாக வருவதில்லை. அவனுடைய மொழியில் பேசிக்கொண்டு, அவனுடைய முகத்தை அணிந்துகொண்டே வருகிறான். பயண முகவராக வருகிறான்; வேலை எடுத்துத் தருபவனாக வருகிறான்; பாதுகாப்பு என்று சொல்லி உண்டியல் குலுக்குபவனாகவும் வருகிறான். எண்பது நிமிடச் சிறுவர் படமொன்று இதனை ஒரு பொய் மூக்கினால் விளங்கவைத்துவிட்டது என்பது சிறிய சாதனை அன்று.

தேர்தல் அரசியலையும் படம் விட்டுவைக்கவில்லை. ‘நேர்மையாளர்’ என்ற பட்டப்பெயருடன் குடியில் மூழ்கிக் கிடக்கும் அரசியல்வாதி எலி ஒருவர், மரணவீட்டுக்குப் போய் இறந்தவரின் பெயரையும் வாக்குக் கணக்கில் குறித்துக்கொள்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டு நியூயோர்க்கின் கட்சி அரசியலை அறிந்தவர்கள் அவ்விடத்தில் சிரிப்பார்கள். பிள்ளைகளுக்கு அது எட்டாது. எட்டாவிட்டாலும் கதை தடைப்படுவதில்லை.

ஒரே நிலவின் கீழ்

மூன்றாவது நிறை, தம்பி பைவலைத் தேடும் அக்காள் தான்யாவின் பிடிவாதம். மகன் இறந்துவிட்டான் என்றே பெற்றோர் நம்புகின்றனர். அவன் உயிரோடிருக்கிறான் என்று அவள் சொல்லும்போதெல்லாம், அந்த எண்ணம் காலப்போக்கில் போய்விடும் என்று தந்தை அவளை அடக்குகிறார். அவர் கல்நெஞ்சரல்லர். நம்பிக்கையை விட்டுவிட்டால்தான் மறுநாள் வேலைக்குப் போகமுடியும் என்ற நிலையில் உள்ளவர். காணாமற்போன ஒருவரைப் பற்றி ஒரே வீட்டில் ஒருவர் நம்பியும் மற்றவர் நம்பாமலும் வாழ்வதன் வலியை இத்துணை எளிமையாகக் காட்டிய படங்கள் பெரியவர்களுக்கானவற்றிலும் சிலவே.

இரவு நேரத்தில், நகரின் இரு வேறு மூலைகளிலிருந்து, ஒரே நிலவைப் பார்த்தபடி தம்பியும் தமக்கையும் பாடும் பாடல் படத்தின் இதயம். ஜேம்ஸ் ஹோர்னர், பரி மான், சிந்தியா வைல் ஆகிய மூவரும் இணைந்து ஆக்கிய அப்பாடல் ஒஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டு வெற்றியை நழுவவிட்டது. ஆனால் 1988இல் வழங்கப்பட்ட கிராமி விருதுகளில் ஆண்டின் சிறந்த பாடலுக்கான பரிசைப் பெற்றது. படத்தில் அதனைப் பாடுவோர் தேர்ந்த பாடகர்கள் அல்லர், சிறுபிள்ளைகள். சுருதி சற்றே தளம்புகிறது. அந்தத் தளம்பலே அதன் அழகு.

பெயர் சொல்லத் தயங்கும் படம்

இனிக் குறைகளுக்கு வருவோம். முதலாவதும் பெரியதும், இப்படம் தன் மாந்தர் யாரென்று வாய்திறந்து சொல்லத் தயங்குகிறது என்பதே. விழா விளக்குகள் உண்டு, வயலின் உண்டு, பெயர்களில் யிட்டிஷ் மணம் உண்டு. ஆனால் இவர்கள் யூதர்கள், யூதர்களாக இருந்த காரணத்தாலேயே இவர்களது வீடு எரிக்கப்பட்டது என்பதைப் படம் பிள்ளைகளுக்கு விளங்கவைக்கவில்லை. படம் வெளியான காலத்திலேயே சிக்காகோ விமர்சகர் ரொஜர் ஈபர்ட் இதனைச் சுட்டிக்காட்டினார். எமக்கும் அதுவே கருத்து. பூனை எலியைப் பிடிப்பது இயற்கை. கொசாக் யூதனின் வீட்டைக் கொளுத்துவது இயற்கை அன்று, அது அரசியல். முன்னையதைக் கொண்டு பின்னையதைச் சொல்லப் புகும்போது, கொடுமை ஏதோ விலங்குகளின் குணம் போலத் தோன்றிவிடும் ஆபத்து உண்டு.

இதே 1986இல் ஆர்ட் ஸ்பீகல்மன் தமது ‘மவுஸ்’ என்னும் சித்திர நூலின் முதற்பாகத்தை வெளியிட்டார் என்பது இங்கே நினைவுகூரத்தக்கது. அதிலும் யூதர்கள் எலிகள், நாசிகள் பூனைகள். ஆனால் அந்நூல் எவர் எவரைக் கொன்றார் என்பதை ஒளிக்கவில்லை. இடங்களையும் ஆண்டுகளையும் பெயர்களையும் சொல்கிறது. அது பெரியவர்களுக்கானது, இது பிள்ளைகளுக்கானது என்று வேறுபாடு கூறலாம். எனினும், துன்பப்பட்டவரின் பெயரை மறைத்தால்தான் பிள்ளைகளுக்குக் கதை சொல்லமுடியும் என்பதை நாம் ஏற்கமாட்டோம்.

இரண்டாவது குறை, கடினமான இடங்களைப் படம் ஓடிக் கடப்பது. தையற்கூடத்தில் அகப்பட்ட பைவல், டொனி என்னும் சிறுவனோடு விரைவிலேயே தப்பிவிடுகிறான். உண்மையில் அத்தகைய தையற்கூடங்களில் குடிவந்தோர் ஆண்டுக்கணக்கில் உழன்றனர். 1911 மார்ச்சில் நியூயோர்க்கின் ட்ரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலை தீப்பற்றியபோது, கதவுகள் பூட்டப்பட்டிருந்த காரணத்தால் வெளியேற வழியின்றியும், மாடியிலிருந்து குதித்தும், 146 பேர் மாண்டனர். பெரும்பாலோர் யூத, இத்தாலியக் குடிவரவுப் பெண்கள். குழந்தைகளுக்கான படத்தில் அத்தகைய தீயைக் காட்டும்படி நாம் கேட்கவில்லை. ஆனால் உழைப்பின் களைப்பையாவது ஒரு நிமிடம் காட்டியிருக்கலாம். எமது பிள்ளைகளின் தகப்பன்மார் அதிகாலையில் திரும்பிவரும் காரணத்தை அவர்கள் சற்றேனும் விளங்கிக்கொண்டிருப்பார்கள்.

பெயர் பதியும் காட்சியையும் இங்கே குறிப்பிடவேண்டும். காசில் கார்டன் என்னும் குடிவரவு நிலையத்தில் தான்யாவின் பெயரை எழுத்தர் ‘டில்லி’ என்று மாற்றி எழுதிவிடுகிறார். இடம் சரியானதே, பலரும் அறிந்த எல்லிஸ் தீவு நிலையம் 1892இல்தான் திறக்கப்பட்டது. ஆனால் எழுத்தர்கள் தம் விருப்பப்படி பெயரை மாற்றினார்கள் என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் கட்டுக்கதை என வரலாற்றாசிரியர்கள் கூறுகின்றனர். அதிகாரிகள் கப்பற் பட்டியலில் உள்ள பெயர்களையே சரிபார்த்தனர்; பெயர்களை மாற்றிக்கொண்டோர் பெரும்பாலும் குடிவந்தோரே, பிற்காலத்தில், வேலைக்காகவும் அயலவரின் நாவுக்காகவும் அவ்வாறு செய்தனர். இவ்வுண்மை கட்டுக்கதையை விட வேதனையானது. படம் அதனைத் தொட்டிருந்தால் இன்னும் உயர்ந்திருக்கும்.

மூன்றாவது குறை கதையமைப்பில் உள்ளது. பெற்றோரும் மகனும் ஒருவரையொருவர் மயிரிழையில் தவறவிடும் காட்சிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. முதல் தடவை மனம் பதறுகிறது; பிற்பாடு ஆக்கியோரின் கை தெரிந்துவிடுகிறது. பிரெஞ்சுப் புறா ஹென்றி, டொனி, அயர்லாந்துப் பெண் பிறிஜெட், பூனையாகப் பிறந்தும் இறைச்சியுண்ணாத டைகர் எனப் பாத்திரங்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து போகின்றனரே அன்றி, எவரோடும் நாம் நெருங்கிப் பழக நேரமில்லை.

எல்லாவற்றிலும் எம்மை உறுத்தியது முடிவு. தந்தை சொன்ன பழங்கதையிலிருந்து பைவலுக்கு உதித்த யோசனைப்படி, எலிகள் ஒன்றுசேர்ந்து பிரமாண்டமான பொம்மை எலி ஒன்றைக் கட்டிப் பூனைகளைத் துரத்துகின்றன. ஊரிலிருந்து கொண்டுவந்த கதையே புதிய நாட்டில் ஆயுதமாகிறது என்பது அருமையான கற்பனை. ஆனால் துரத்தப்பட்ட பூனைகள் ஹொங்கொங் செல்லும் கப்பலில் ஏறிப் போய்விடுவதோடு தொல்லை தீர்ந்துவிடுகிறது. கதை நிகழும் காலத்தில், 1882இல் இயற்றிய சட்டத்தின்மூலம் சீனத் தொழிலாளருக்குத் தன் கதவைச் சாத்தியிருந்த நாடு அமெரிக்கா. அச்சட்டம் 1943 வரை நீடித்தது. சுதந்திர தேவியின் சிலை புன்னகைப்பதாகக் காட்டி முடியும் ஒரு படம், அவள் எல்லோரையும் பார்த்துப் புன்னகைக்கவில்லை என்பதை மறந்துவிட்டது. பூனைகள் தொலைந்துவிடவில்லை என்பதைப் பின்னர் படநிறுவனமே ஒப்புக்கொண்டது போலும்: 1991இல் வெளியான இரண்டாம் பாகத்தில் பூனைகள் மீண்டும் வருகின்றன, மீண்டும் ஒரு பொய் வாக்குறுதியை நம்பி எலிகள் மேற்குத் திசை நோக்கிப் புறப்படுகின்றன.

சிறுமிக்கு விடை

இக்குறைகள் இருந்தும், வெளியானபோது அமெரிக்காவில் மட்டும் 4 கோடி 70 இலட்சம் டொலர் வரை ஈட்டி, அதே ஆண்டு டிஸ்னி வெளியிட்ட மற்றோர் எலிக்கதையை இப்படம் விஞ்சியது. இன்று ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளின் பின்னரும் அது பார்க்கப்படுகிறதென்றால் காரணம் வசூல் அன்று. ஒரு குடும்பம் பிரிந்து சேர்வதன் ஏக்கம் அதில் உண்மையாக உள்ளது. வயலின் ஒலியைப் பின்தொடர்ந்து தந்தையை மகன் கண்டடையும்போது, தொடக்கத்தில் பெரிதாயிருந்த தொப்பி இப்போது அவன் தலைக்குப் பொருந்துகிறது. அவன் வளர்ந்துவிட்டான் என்பதை நாம் அறிகிறோம். வளரவேண்டிய வயதுக்கு முன்னரே வளர்ந்துவிட்டான் என்பதையும் அறிகிறோம்.

ஆகவே பெற்றோர்களுக்கு நாம் கூறுவது இதுதான்: இப்படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்; ஆனால் தனியே விட்டுவிடாதீர்கள். ஊர் எரியும் காட்சி மிகச் சிறியவர்களை அச்சுறுத்தக்கூடும். படம் சொல்லாமல் விட்டதை நீங்கள் சொல்லுங்கள். அவர்கள் யார், ஏன் ஓடினார்கள் என்று சொல்லுங்கள். பிறகு, நாம் யார், ஏன் ஓடினோம் என்ற பேச்சு தானாகவே வரும்.

அந்தச் சிறுமிக்கு மறுநாள் நாம் விடை சொன்னோம். அந்த அப்பா பொய் சொல்லவில்லை, அவருக்கும் தெரியாது. பூனைகள் இல்லாத நாடொன்று எங்கோ இருக்கிறது என்று நம்பியிருக்காவிட்டால், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கப்பலேற அவருக்குக் கால் எழும்பியிராது. அவள் சற்று யோசித்துவிட்டு, “அப்ப நீங்களும் அப்பிடி நினைச்சுத்தான் வந்தனீங்களா?” என்று கேட்டாள்.

ஆம் என்றோம். படத்தின் அந்தத் தந்தை தம் பிள்ளைகளிடம் நின்று நிதானித்துச் சொல்லாத சொல் அது. எங்கள் வீட்டில் அதனைச் சொல்வதற்கு ஒரு சுண்டெலி தேவைப்பட்டது.